ஈறு கசியும்போது

பல்வலி வந்தால் வீடு முழுவதும் அதை அறியும். கிராம்புத் தைலம் தேடுவோர் ஒருபுறம், வெந்நீரில் உப்புக் கரைப்போர் மறுபுறம் என இல்லமே விழித்திருக்கும். ஈறு நோய் அவ்வாறு ஆரவாரம் செய்வதில்லை. காலையில் வாய் கொப்பளித்துத் துப்பும் நீர் சற்றே சிவந்திருக்கும், அவ்வளவே. வலி இல்லாமையால், "உடற்சூடு" என்று சொல்லி மறுநாளே மறந்துவிடுகிறோம். இப்படியே பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு, ஐம்பது வயதில் பற்கள் ஆடத் தொடங்கியதும், "வயதாகிவிட்டதல்லவா!" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம்.

வயதானால் பல் விழும் என்பது நம் குடும்பங்களில் ஆழ வேரூன்றிவிட்ட எண்ணம். உண்மையில் வயது எந்தப் பல்லையும் தள்ளிவிடுவதில்லை. பல்லைத் தாங்கி நிற்கும் தாடை எலும்பு கரைந்துபோவதாலேயே பல் ஆடுகிறது. அவ்வெலும்பு கரைவதற்குப் பெரும்பாலும் காரணமாவது, கவனியாமல் விடப்பட்ட ஈறு நோயே.

அது தொடங்கும் விதத்தைக் காண்போம். நம் பற்களின்மீது, ஈறின் விளிம்பை ஒட்டி, நுண்ணுயிர்கள் கூடிப் பசை போன்றதொரு மெல்லிய படலத்தை நாள்தோறும் அமைக்கின்றன. அன்றாடம் துடைத்து அகற்றினால் அதனால் பெருந்தீங்கில்லை. விட்டுவிட்டாலோ, உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து அதில் படிந்து, சில நாள்களிலேயே கல்லாக இறுகத் தொடங்கும். இதனையே பற்காரை என்கிறோம். கீழ்த்தாடையின் முன்பற்களுக்கு உட்புறத்தில் இது விரைவாகச் சேரும். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் அங்கே திறப்பதே காரணம். இறுகிய காரையைத் தூரிகையால் தேய்த்து அகற்ற இயலாது.

படலம் தங்கிய இடத்தில் ஈறு சிவந்து, தடித்து, தொட்டாலே கசியும். இது முதல் நிலை. நோயின் வரலாற்றில் நமக்குப் பெரும் ஆறுதல் தருவதும் இந்நிலையே. டென்மார்க் நாட்டின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் நிகழ்த்திய சோதனை ஒன்று 1965ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஈறுகள் நலமாயிருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினர். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் குணமாயிற்று! மருந்து ஏதும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இரண்டாம் நிலைக்கு இச்சலுகை இல்லை. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே இயல்பாகவே ஒரு சிறு பள்ளம் உண்டு. நலமான வாயில் அதன் ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. அழற்சி உள்ளிறங்கினால் ஈறு பல்லை விட்டு விலகி, பள்ளம் பையாக ஆழ்கிறது. தூரிகை எட்டாத அவ்விருளில் நுண்ணுயிர்கள் பெருக, எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. வாய் நாற்றம், ஈறு இறங்கிப் பல் நீண்டதுபோல் தோன்றுதல், பல்லிடுக்குகள் அகலுதல், சீழ் கசிதல் ஆகியன இந்நிலையின் அடையாளங்கள். கரைந்த எலும்பு தானாக மீள வளர்வதில்லை.

அழற்சி கண்ட எல்லாரும் இந்நிலைக்கு வருவரோ? இதற்கு விடை, நம் தமிழ் மக்களிடமிருந்தே கிடைத்தது. அதே லோ குழுவினர் 1970ஆம் ஆண்டு முதல் 15 ஆண்டுகள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 தமிழ் ஆடவரின் வாயை அவ்வப்போது ஆராய்ந்து வந்தனர். அவர்களுக்குப் பல் தூரிகையும் எட்டவில்லை, பல் மருத்துவமும் எட்டவில்லை. (இதனை ஓர் ஆய்வுக் குறிப்பாக மட்டும் படித்துக் கடந்துவிட நமக்கு மனம் வரவில்லை.) 1986இல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக விரைந்து முற்றியது, 81 பேருக்கு மிதமாக வளர்ந்தது, 11 பேருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது.

"எங்கள் பாட்டியார் கரித்தூள் கொண்டே பல் துலக்கினார், எண்பது வயதிலும் முறுக்குக் கடித்தார்" என்போர் இந்தக் கணக்கைக் கருதிப் பார்க்கட்டும். பாட்டியார் அந்தப் பதினொருவரைச் சேர்ந்தவராய் இருந்திருக்கலாம். பேரன் அவ்வாறே இருப்பான் என்பதற்கு உறுதி ஏது? எலும்பு கரைந்த பின்னரே விடை தெரியும் கேள்வியை வைத்துச் சூதாடுவது அறிவுடைமை ஆகாது.

தடுக்கும் வழி எளிது. எனினும் பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். இரத்தம் கசியும் இடத்தைப் "புண்" என்று அஞ்சி, அவ்விடத்தை மட்டும் துலக்காமல் விட்டுவிடுவர். படலம் அங்கே மேலும் சேர, கசிவும் மிகும். கசிகின்ற இடமே துலக்கப்பட வேண்டிய இடம். மென்மையான தூரிகையை ஈறின் விளிம்பை நோக்கிச் சற்றுச் சாய்த்து வைத்து, அழுத்தாமல், சிறுசிறு அசைவுகளாய் இரண்டு நிமிடங்கள் துலக்குதல் வேண்டும். காலையில் துலக்குவதைவிட இரவில் படுக்குமுன் துலக்குவதையே நாம் வற்புறுத்துவோம். உறங்கும்போது உமிழ்நீர் குறைவதால் நுண்ணுயிர்களுக்கு அதுவே நல்ல காலம். பல்லிடுக்குகளை அதற்கென விற்கும் நூலாலோ சிறு தூரிகையாலோ துடைக்கலாம். குண்டூசியும் தீக்குச்சியும் வேண்டா. செங்கற்பொடி, சாம்பல், கரித்தூள் ஆகியன பல்லையும் ஈறையும் தேய்த்துவிடும். நன்கு மென்று நாராக்கிய வேப்பங்குச்சியை மெல்லப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. ஆயினும் உட்புறங்களுக்கு அது சரியாக எட்டாது.

புகையிலை எவ்வடிவிலும் ஈறுக்குப் பகையே. மூக்குப்பொடியை ஈறில் தேய்க்கும் தாய்மாரும் இதனைக் கருதுக. புகைப்பவரின் ஈறில் இரத்த ஓட்டம் குன்றுவதால் கசிவும் குறைந்து தோன்றும். நோயோ உள்ளே முற்றிக்கொண்டிருக்கும். கசிவில்லை என்று அவர்கள் மகிழ்வதற்கில்லை.

காரை சேர்ந்துவிட்டால் பல் மருத்துவரே அதை அகற்ற வேண்டும். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளில் இதற்கான பிரிவு உண்டு. "காரையை எடுத்தால் பல் ஆடிவிடும்" என்னும் அச்சம் எங்கும் பரவியுள்ளது. காரை அடைத்திருந்த இடம் வெறுமையாவதால், சில நாள்கள் இடைவெளியும் கூச்சமும் தோன்றுவது மெய். வீங்கிய ஈறு வற்றும்போது, முன்னமே எலும்பிழந்த பல் தன் உண்மை நிலையைக் காட்டுவதும் உண்டு. சுத்தம் செய்ததால் வந்த கேடு அன்று அது. பை ஆழமாயிருப்பின் வேர்வரை சுரண்டித் தூய்மை செய்வர். அதற்கும் அடங்காதபோது ஈறைத் திறந்து அறுவை செய்வதும் உண்டு. மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை கெடும் என்பது வீண் பயம்.

நீரிழிவு உள்ளோர்க்கு ஈறு நோய் எளிதில் பற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் எளிதில் கட்டுப்படாது. கருவுற்ற தாய்மாருக்கு இயக்குநீர் மாற்றத்தால் ஈறு வீங்கிக் கசிவது உண்டு. பேறுகாலம் முடியட்டும் என்று காத்திராமல், மருத்துவரிடம் கருவுற்றிருப்பதைக் கூறிக் காரையை அகற்றிக்கொள்ளலாம். நன்கு துலக்கியும் கசிவு நில்லாமல், உடல் சோர்வும் காய்ச்சலும், தோலில் காரணமின்றிச் சிவந்த புள்ளிகளும் காணப்பட்டால், இரத்தத்திலேயே கோளாறு இருக்கலாம். காலம் தாழ்த்தாமல் பொது மருத்துவரை அணுகுக. இரத்தம் உறையாதிருக்க இதய மருத்துவர் தந்த மருந்தை உட்கொள்வோர், பல் மருத்துவரிடம் அதனை முதலிலேயே தெரிவிக்க வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்திவிட்டுச் செல்லலாகாது.