கிளி வரட்டும், கூண்டு வேண்டாம்

ஓவிய வகுப்பில் கிளி வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் பச்சை கிரேயானைத்தான் தேடுவார்கள். பச்சைக்கிளியின் இறகிலோ பச்சை நிறமி கிடையாது. அதில் இருப்பது மஞ்சள் நிறமி. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டும் சேர்ந்துதான் நம் கண்ணுக்குப் பச்சை. பிறவியிலேயே மஞ்சள் நிறமி இல்லாத கிளி நீலமாக இருக்கும். ஓவிய ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டு மஞ்சளையும் நீலத்தையும் கலந்து தீட்டச் சொன்னால், அந்த வகுப்பிலேயே பாதி அறிவியல் நடந்துவிடும்.

ஒரு பொருளை நடுவில் வைத்து எல்லாப் பாடங்களையும் கற்பிப்பது புதிய யோசனையல்ல. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான சூழ்நிலையியல் பாடம் உணவு, உறைவிடம், தண்ணீர், பயணம் போன்ற கருப்பொருள்களில்தான் அமைக்கப்பட்டது. ஆனால் பல பள்ளிகளில் ‘கிளி வாரம்’ என்றால் முகமூடி செய்வது, பச்சைத் தாள் ஒட்டுவது, பாட்டுக்கு ஆடுவது என்று முடிந்துவிடுகிறது. பாடத்துக்குப் பாடம் கிளியின் படம் வருகிறது. கிளியை வைத்துக் கேட்க வேண்டிய கேள்விதான் வருவதில்லை.

தமிழ் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். ‘இலவு காத்த கிளி’ என்ற பழமொழிக்குப் பொருள் எழுதி மதிப்பெண் வாங்காத மாணவர் குறைவு. இலவமரம் பூக்கும் காலத்தில் அதன் கீழே போய் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? காய் வெடித்தால் பஞ்சுதான் வரும், உண்மைதான். ஆனால் பூத்த இலவமரத்தில் கிளிகள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. பூவைக் கொத்தித் தேனைக் குடிக்கின்றன. பழமொழி சொல்வதையும் கண்ணால் பார்த்ததையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னால், அது மொழிப் பயிற்சியும் ஆகும், ஆய்வும் ஆகும். அப்படியே சங்கப் பாடல்களின் தினைப்புனத்துக்குப் போகலாம். அங்கே பரண்மேல் இருந்து கிளி ஓட்டினாள் தலைவி. இன்று சோளமும் சூரியகாந்தியும் போட்ட விவசாயி தகரத்தைத் தட்டிக் கிளி ஓட்டுகிறார். கிளி அழகானதுதான், விளைச்சலுக்கு எதிரியும்தான் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

கணக்குக்கும் குறைவில்லை. பச்சைக்கிளி ஏறத்தாழ 40 செ.மீ. நீளம், அதில் பாதியளவு வால். நியூசிலாந்தின் பறக்காத கிளியான காகாப்போ 1995-இல் 51 மட்டுமே எஞ்சியிருந்தது. பாதுகாப்புப் பணியால் இப்போது இருநூறைத் தாண்டிவிட்டது. வரைபடம் போட இதைவிட உயிருள்ள எண்கள் வேண்டுமா?

அறிவியலுக்கு அலெக்ஸ் இருக்கிறது. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977 முதல் 2007-இல் அது இறக்கும்வரை பயிற்றுவித்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அது. நிறம், வடிவம், ஆறு வரையிலான எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லக் கற்றது. புரிந்து சொன்னதா, கேட்டதைத் திருப்பிச் சொன்னதா? அதைக் கண்டுபிடிக்க எப்படிச் சோதனை வைப்பது என்று ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கைவினைக்குப் பச்சைத் தாள் எதற்கு? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் வைக்கும் கிளி நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. மரவள்ளி இலை உடலாகிறது, மாதுளம்பூ மூக்காகிறது. பள்ளி வளாகத்து இலைகளைக் கொண்டு பிள்ளைகளும் முயன்றால், எந்த இலை மடங்கும், எது கிழியும் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

சமூக அறிவியலில்தான் விஷயம் சூடுபிடிக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூர்ப் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று கிளி சீட்டெடுத்துக் கொடுத்தது. ஜோசியர் மீது வனத்துறை நடவடிக்கை எடுத்தது. அரசியல் காரணமா, சட்டமா என்று அப்போது பெரிய வாக்குவாதமே நடந்தது. சிறகு வெட்டப்பட்ட கிளியின் பக்கமும், அதை நம்பிப் பிழைத்த குடும்பத்தின் பக்கமும் நின்று மாணவர்கள் வாதாடட்டும். சட்டம், பிழைப்பு, நம்பிக்கை மூன்றும் ஒரே கூண்டுக்குள் இருப்பது அப்போது புரியும்.

அதனால்தான் கிளிப் பாடத்துக்காகப் பள்ளியில் பச்சைக்கிளி வளர்க்கலாம் என்ற ஆசையை முளையிலேயே கிள்ள வேண்டும். மரத்தில் இருக்கும் கிளியே போதும். கால்விரல்கள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று அமைந்திருப்பதால்தான், அது ஒற்றைக் காலில் நின்று மறுகாலால் கொய்யாவைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறது. கூண்டில்லாமலே இதைப் பார்க்கலாம்.

‘பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை’ என்பார்கள் ஆசிரியர்கள். நியாயம்தான். ஆனால் பின்னம், வரைபடம், கட்டுரை, ஒளி, சட்டம் எல்லாம் ஏற்கெனவே பாடநூலில் இருப்பவைதானே? தனித்தனியாக நடத்துவதை இரண்டு வாரத்துக்கு ஒரு பறவையோடு சேர்த்து நடத்தச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

மூன்றாம் பருவம் இதற்குத் தோதானது. 2015 முதல் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள், மாணவர்களும் சேரலாம். அடுத்த வாரங்களில் கிளிகள் மரப்பொந்து தேடும், இலவமும் பூக்கும். டிசம்பருக்குள் எல்லாப் பாட ஆசிரியர்களும் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து, யார் எந்தக் கேள்வியை எடுப்பது என்று பிரித்துக்கொண்டால் போதும். தலைமையாசிரியர் அதற்கு அந்த ஒருநாளை ஒதுக்கித் தர வேண்டும்.