ஆழ்கடல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

நம் நண்பர் குழாம் இவ்வாண்டுக் குடும்பச் சந்திப்பைக் கடலில் நடத்துவதென்று முடிவு செய்திருக்கிறது. கடலூர் முதுநகரில் ஒரு மீன்பிடிப் படகை நாள் வாடகைக்கு அமர்த்துவது, குழந்தைகள் தூண்டில் போடுவது, திரும்பும் வழியில் நற்றிணையின் நெய்தற் பாடல்களை வாசிப்பது. திட்டத்தின் பெயர் ‘ஆழ்கடல் உலா’. நாள், மே மாதத்து இரண்டாம் ஞாயிறு. எதிர்ப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் காரணங்களைக் கொஞ்சம் விரித்தே எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் அந்த நாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது. 45 நாட்களாக இருந்த தடை 2017 முதல் 61 நாட்களாயிற்று. மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பது காரணம். அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பம் ஒன்றுக்கு அரசு தரும் நிவாரணம், 2023இல் அறிவித்த உயர்வுக்குப் பிறகு, 8,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 131 ரூபாய். நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை சரியாக இந்த நாட்களில் வந்து விழுகிறது. கையில் காசற்றிருப்பவரிடம் நாம் நீட்டும் வாடகையை அவரால் மறுக்க இயலாது. ‘அவர்களுக்கும் வருமானந்தானே’ என்கிறார் நண்பர். மறுக்க இயலாதவரோடு பேசும் பேரத்துக்கு, நாவல்களைப் பற்றி விவாதிக்கும்போது நாம் வேறு பெயர் வைத்திருந்ததாக நினைவு.

இதை நான் தள்ளி நின்று சொல்லவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் இதே காரியத்தைச் செய்தவன் நான். அண்ணாகிராமத்துக்காரனுக்குக் கடல் தொலைவில்லை, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். ஆனால் பலாவும் முந்திரியும் பார்த்து வளர்ந்தவனுக்குக் கடல் எப்போதும் அயலூர்தான். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மைத்துனர் ஏற்பாடு செய்ய, குடும்பத்தோடு ஒரு ஃபைபர் படகில் ஏறினோம். படகோட்டி விசைப்படகுத் தொழிலாளி. தடைக்காலமாதலால் உறவினரின் படகை எடுத்து வந்திருந்தார். கரை கண்ணில் மறையுமுன்பே என் மகள் வாந்தியெடுத்தாள். இரண்டு சங்கரா மீன்கள் அகப்பட்டன. சிறிது நேரத்தில் படகோட்டி வானத்தைப் பார்த்துவிட்டு, “சார், சோழகம் ஏறுது, திரும்பிடலாம்” என்றார். மைத்துனர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணி நேரம்னு பேசித்தானே பணம் குடுத்தோம்? இன்னும் ஒன்னரை மணி இருக்கே.”

நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். படகோட்டி எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாய் திறவாமல் இன்னும் முக்கால் மணி நேரம் படகைச் செலுத்தினார். பிறகு அலை உள்ளே தெறிக்கத் தொடங்கியதும் மைத்துனரே திரும்பச் சொன்னார். பதினைந்து வயதிலிருந்து கடலேறும் ஒருவரின் காற்றறிவை வாடகைக் கணக்கு அடக்கி வைத்த முக்கால் மணி நேரம் அது. உயிர்ச்சேதம் நேரவில்லை. நேர்ந்திருந்தால் மறுநாள் நாளேடு படகோட்டியின் கவனக்குறைவு என்றே எழுதியிருக்கும்.

நேர்ந்த இடங்களும் உண்டு. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்த குடும்பத்தினரை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2017 பிப்ரவரியில் மணப்பாட்டில் மறுபடியும். வலையையும் பனிக்கட்டியையும் சுமக்கச் செய்த படகு, ஒரே பக்கம் சாய்ந்து படமெடுக்கும் கூட்டத்தைச் சுமக்கச் செய்யப்பட்டதன்று. உயிர்காப்பு மேலங்கி எத்தனை என்று நம் திட்டக் குறிப்பில் தேடினேன். சிற்றுண்டிப் பட்டியல் இருந்தது.

அடுத்தது, ‘ஆழ்கடல்’. கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்கு அந்தச் சொல்லைச் செலவழிக்காதீர்கள். தூத்தூர், வள்ளவிளை ஊர்களின் மீனவர்கள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் நீர்ப்பரப்பு அது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது எச்சரிக்கை எட்டாத தொலைவில் அவர்கள் இருந்தார்கள். பலர் திரும்பவேயில்லை. கடலூர் மாவட்டத்திலோ கடல் தானே கரைக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று இம்மாவட்டத்தில் மாண்டோர் 600க்கும் மேல். பிச்சாவரத்தை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டில் அதன்பின் குடியிருப்பே இல்லை.

நற்றிணை வாசிப்பு பற்றி. நண்பர்கள் 45ஆம் பாடலைத் தேர்ந்திருப்பதுதான் எனக்குத் தாளவில்லை. தேரில் வந்த செல்வர் மகனிடம் தோழி பேசுகிறாள்: இவள் மீனவர் மகள், நீ கொடியாடும் பழைய ஊரின் செல்வன், நாங்கள் சுறாமீன் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள்மேல் புலால் வீசும், தள்ளி நில், எங்கள் சிறிய நல்வாழ்வு உனக்குப் பொருந்தாது, எங்களுள்ளும் உயர்ந்தோர் உண்டு. இருபதாண்டுகளாக இதைக் குறை நயப்பாகவும் சேட்படையாகவும் பாடம் நடத்திவருகிறேன். வாடகைப் படகின் மேல்தளத்திலிருந்து, படகோட்டியின் காதுபட இதை வாசிக்கப் போகிறவர்கள், தேரில் வந்தவன் யாரென்று ஒருகணம் யோசித்தார்களா?

கடலுக்கே போகக்கூடாதென்று நான் சொல்லவில்லை. உரிமமும் காப்பீடும் உள்ள படகு மீனவரின் சொந்தப் பொறுப்பில் இயங்கட்டும். எத்தனை பேர் ஏறலாம், எப்போது திரும்பலாம் என்பவை அவர் வாக்காக இருக்கட்டும். காற்றைப் பார்த்து அவர் பாதியில் திரும்பினாலும் முழு வாடகையைத் தருவோமென்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், நானும் வருகிறேன். பிள்ளைகள் கடலைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பட்டியலில் எவரும் அதைச் சேர்க்கவில்லை.

இப்போதைக்கு என் பெயரையும் என் வீட்டார் மூவர் பெயரையும் நீக்கிவிடுங்கள். தடை நீங்கி முதற்படகுகள் திரும்பும் நாளில் முதுநகர் மீன் ஏலத்துக்கு வர விரும்புவோர் சொல்லுங்கள். அதிகாலை ஐந்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறேன்.