மனோதத்துவம் பண்ணுகிறவர்கள்

இங்கிலீஷில் ஒரு வினைச்சொல் இருக்கிறது: ‘ஸைக்காலஜைஸ்’. அகராதியைப் புரட்டினால் அதற்கு இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று சாதுவானது: ஒரு விஷயத்தை மனோதத்துவத்தின் மொழியில் விளக்குவது. மற்றது அவ்வளவு சாதுவல்ல. எதிரே இருக்கிறவன் ஒன்றைச் சொல்கிறான். அதற்கு ஒரு நியாயமும் சொல்கிறான். அந்த நியாயத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அவன் மனசுக்குள் இருக்கிற ஏதோ ஒன்றுதான் அவனை அப்படிப் பேசவைக்கிறது என்று வெறும் ஊகத்தின் பேரில் தீர்ப்புக் கூறிவிடுவது. இந்த இரண்டாவது பொருளில் இங்கிலீஷ்காரர்கள் இச்சொல்லைப் பெரும்பாலும் முகம் சுளித்துக்கொண்டேதான் வழங்குகிறார்கள். “என்னை ஸைக்காலஜைஸ் பண்ணாதே” என்று ஒருவன் சொன்னால், “நான் சொன்னதற்குப் பதில் சொல், எனக்கு வியாக்கியானம் எழுதாதே” என்று அர்த்தம்.

இதை ‘ஸைக்கோஅனலைஸ்’ என்ற சொல்லோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஒரு வைத்திய முறை. நோயாளி தானே தேடி வருகிறான். மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் பேசுகிறான். வைத்தியர் பொறுமையாகக் கேட்கிறார். நான் சொல்லும் காரியத்துக்கு நோயாளியின் சம்மதமும் வேண்டாம், வைத்தியரின் படிப்பும் வேண்டாம். ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் காப்பியும் இருந்தால் போதும்.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லை. ‘உளவியல் நோக்கில் விளக்குதல்’ என்று நீட்டித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. சொல் இல்லாவிட்டால் என்ன? செயல் தாராளமாக நடக்கிறது. சம்பளம் போதவில்லை என்று கேட்கிற குமாஸ்தாவுக்கு ‘ஃப்ரஸ்ட்ரேஷன்’. மாமியாரை எதிர்த்துப் பேசுகிற மருமகளுக்கு ‘காம்ப்ளெக்ஸ்’. கோயிலுக்குள் விடு என்று கேட்கிறவனுக்கு ‘தாழ்வு மனப்பான்மை’. எல்லாரும் நோயாளிகள், பேசுகிற நாம் ஒருவர் மட்டும் வைத்தியர்.

இந்த வித்தை எவ்வளவு அநியாயமானது என்பதைக் காண வேண்டுமானால், சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற பழவேற்காட்டுக்குப் போகவேண்டும். போகிறவர்கள் சாதாரணமாக டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்ப்பார்கள்; பூநாரைகளைப் பார்ப்பார்கள்; படகில் ஒரு சுற்றுச் சுற்றி, பொரித்த இறால் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சிலர் இதோடு நிற்பதில்லை. கரையில் வலை பின்னுகிறவரிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டு, மீனவனின் மனசை ஆழம் பார்த்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எனக்கு ஆட்சேபம் அவர்கள் பேரில்தான்.

ஒருமுறை கல்லூரி ஆசிரியரான ஒரு நண்பரோடு அங்கே போயிருந்தேன். கரையில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், தொழில் எப்படி இருக்கிறது என்று நண்பர் கேட்டார். பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “எங்க பாடு போச்சுங்கய்யா. மொகத்துவாரம் மண்ணு தூந்து கெடக்குது. கடல் தண்ணி உள்ள வந்தாத்தானே எறா வரும்?”

நண்பர் இதை எழுதிக்கொண்டார். பிறகு அவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ‘துன்பத்தையே வாழ்க்கையாக ஏற்றுக்கொண்டுவிட்ட விரக்தி மனப்பான்மை’ என்று ஒரு பத்தி. ‘முயற்சியைக் கைவிட்டுச் சீட்டுக் குலுக்கலை நம்பும் சூதாட்ட மனோபாவம்’ என்று இன்னொரு பத்தி. பெரியவர் சொன்ன முகத்துவாரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பாடு என்றால் நமக்குத் துன்பம், உழைப்பு. பழவேற்காட்டு ஏரியில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. ஏரியில் இன்ன இடத்தில், இன்ன முறையில், இன்னார் வலை கட்டலாம் என்று ஊர் வகுத்துக் கொடுக்கிற உரிமைக்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஒழுங்கைக் காத்து வந்திருக்கின்றன. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீரோட்டம் உண்டு, இறாலும் அதிகம். உள்ளே தள்ளிப் போகப் போக வரத்துக் குறையும். நல்ல இடத்தை வலுத்தவன் வளைத்துக்கொண்டால் இளைத்தவன் என்ன செய்வான்? அதனால்தான் சீட்டுப் போடுகிறார்கள். முறை வைத்து மாற்றுகிறார்கள். இன்று நல்ல பாடு பெற்றவன் நாளைக்கு மோசமான பாட்டுக்குப் போவான்.

இது சூதாட்டமா? சூதாட்டம் ஒருவனை ஜெயிக்கவைத்து மற்றவர்களைத் தோற்கடிப்பது. இங்கே சீட்டு இருப்பதே யாரும் ஒரேயடியாகத் தோற்றுவிடக் கூடாது என்பதற்காக. நம் காலனிகளில் வீட்டுமனை ஒதுக்கக் குலுக்கல் நடத்தினால் அதற்குப் பெயர் நிர்வாகம். மீனவன் குலுக்கினால் மட்டும் அதற்குப் பெயர் மனோபாவமா?

முகத்துவாரத்தைப் பற்றிப் பெரியவர் சொன்னதும் புலம்பல் அல்ல, பௌதிகம். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, உப்புக் குறைந்த தண்ணீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. அந்த வழியை மணல் அடைத்தால் வரத்து நிற்கும். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது இந்த ஊர்களின் நெடுநாள் கோரிக்கை. அது நியாயம் என்று அரசாங்கமே பின்னால் ஒப்புக்கொண்டு, திட்டம் வகுத்துப் பணம் ஒதுக்கியது. அடைப்பு மணலில் இருந்தது. என் நண்பர் அதைப் பெரியவரின் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

மனிதன் வாயால் சொல்வது நியாயம். அவனை அறியாமல் அவனுக்குள் வேலை செய்வது காரணம். ஜுரத்தில் ஒருவன் பிதற்றினால் காரணத்தைத் தேடு, அதுதான் தர்மம். தெளிந்த புத்தியோடு ஒருவன் நியாயம் பேசும்போது, அதைத் தள்ளிவிட்டுக் காரணம் தேடப் போனால், அவனை ஜுரக்காரனாக்கிவிடுகிறாய். அவன் சொன்னது சரியா தப்பா என்ற கேள்வியே அப்புறம் எழாது. ஆட்சி நடத்துகிறவர்களுக்கும் மூலதனக்காரர்களுக்கும் இதைவிட வசதி என்ன வேண்டும்? காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்தபோது, கரை அரிக்கும், மீன்பிடிக்கும் இடம் போகும் என்று சொன்னார்கள். அதை அளந்து பார்த்துச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லலாம். ‘புதுமையைக் கண்டு பயப்படும் மனம்’ என்று சொல்லிவிட்டால் அளக்கிற வேலையே மிச்சம்!

மீனவர்கள் பக்கமே எப்போதும் நியாயம் என்று நான் வாதாடவில்லை. பாடு முறைக்குள்ளும் ஒரு கதவு உண்டு. அது எல்லாருக்கும் திறப்பதில்லை. அது பட்டினவர்களின் உரிமை. ஏரியை நம்பி வாழ்கிற மற்றவர்கள், தலித் மக்கள் உள்பட, எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், சச்சரவுகள் நடந்திருக்கின்றன. அவர்களைப் பார்த்து, “பொறாமை, வேறொன்றுமில்லை” என்று யாராவது சொன்னால் அதுவும் இதே வித்தைதான். பங்கு கேட்பவனின் வயிற்றெரிச்சலை ஆராயாதே. பங்கு உண்டா இல்லையா, அதைச் சொல்.

கடற்கரை ஜனங்களைப் பற்றி வழக்கமாகச் சொல்கிற இன்னொன்று, அவர்கள் மூடநம்பிக்கைக்காரர்கள் என்பது. இதற்கு வெகு காலம் முன்பே பதில் சொன்னவர் மாலினோவ்ஸ்கி. முதல் உலக யுத்த காலத்தில் நியூகினிக்குப் பக்கத்திலுள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் மீனவர்களோடு தங்கியிருந்த மானிடவியல் அறிஞர் அவர். 1925-இல் வெளிவந்த கட்டுரையில் ஒரு விஷயத்தைக் காட்டினார். உள்ளே அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது அந்த ஜனங்கள் மந்திரம் ஜபிப்பதில்லை. அங்கே ஆபத்தும் இல்லை, மீனும் நிச்சயம். திறந்த கடலுக்குப் போகும்போதுதான் மந்திரமெல்லாம். ஜனங்கள் அதே ஜனங்கள், தண்ணீர்தான் வேறு. பயம் அவர்களுடைய ரத்தத்தில் ஊறியதாக இருந்தால் காயலிலும் அல்லவா மந்திரம் ஒலித்திருக்கவேண்டும்? மாலினோவ்ஸ்கியும் மனசைப் பற்றித்தான் பேசினார். ஆனால் தண்ணீரைப் பார்த்துவிட்டு மனசுக்கு வந்தார். பழவேற்காட்டில் ஏரியும் கடலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அங்கே போகிற பண்டிதர்கள் இந்த வரிசையையாவது கற்றுக்கொள்ளலாம்.

அந்தத் தீவு இன்னொரு பாடமும் சொல்கிறது. அங்கே தாய்வழி வம்சம். பிள்ளையை அதட்டுகிறவன் தகப்பன் அல்ல, தாய்மாமன். ஆகவே தகப்பன் மேல் மகனுக்கு உள்ளூரப் பகை என்ற ஃப்ராய்டின் சித்தாந்தம் இங்கே அப்படியே பொருந்தாது என்று மாலினோவ்ஸ்கி வாதித்தார். ஃப்ராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் சளைக்கவில்லை. தகப்பன் மேலுள்ள பகையைத் திசைதிருப்பத்தான் தாய்வழி முறையே ஏற்பட்டது என்று சொல்லிவிட்டார்! பகை தெரிந்தால் சித்தாந்தம் மெய். தெரியாவிட்டால், ஒளித்துவைத்திருக்கிறார்கள், ஆகவே இன்னும் மெய். இப்படி எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயிக்கிற வாதத்தை வாதம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஃப்ராய்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நோயாளியோடு பழகாமல், முறையான பயிற்சியும் இல்லாமல், எடுத்த எடுப்பில் வியாக்கியானம் சொல்வதைக் காட்டுத்தனமான மனோபகுப்பு என்று 1910-இலேயே கண்டித்து எழுதியவர் அவர். அமெரிக்காவில் 1964-இல் ஒரு பத்திரிகை, ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்ற கோல்ட்வாட்டரின் மனநிலையைப் பற்றி 12,356 மனநல வைத்தியர்களுக்கு எழுதிக் கேட்டது. 1,189 பேர் அவர் பதவிக்குத் தகுதியற்றவர் என்று பதில் போட்டார்கள். பரீட்சித்துப் பார்த்துச் சொன்ன அபிப்பிராயம் அல்ல அது. கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1973-இல் அந்த வைத்தியர்களின் சங்கமே, நேரில் பரிசோதிக்காதவரைப் பற்றி அபிப்பிராயம் கூறக் கூடாது என்று விதி செய்துகொண்டது. தொழில் தெரிந்தவர்கள் வேலி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேலி தாண்டுகிறவர்கள் நாம்தான்.

“அப்படியானால் மீனவனுக்கு மனசே இல்லையா? துக்கம் இல்லையா?” என்று கேட்பீர்கள். உண்டு, நமக்கு இருக்கிற அளவு உண்டு. 2004 டிசம்பர் 26-இல் கடல் எழும்பி வந்தபோது இந்தக் கரை முழுவதும் அந்தத் துக்கத்தை அறிந்தது. அப்போது இலங்கையில் பல தேசங்களிலிருந்து ஆலோசகர்கள் வந்திறங்கி, மேல்நாட்டுப் படிவங்களை வைத்துக்கொண்டு மனசின் காயத்தை அளந்தார்கள். அந்நாட்டில் பிறந்த காயத்ரி ஃபெர்னாண்டோ என்ற உளவியல் அறிஞர் அந்த ஜனங்களை அவர்கள் வார்த்தையிலேயே பேசவிட்டுக் கேட்டார். அவர்கள் உள்ளுக்குள் நடப்பதைவிட, அறுந்துபோன உறவுகளையும், இழந்துபோன தங்கள் இடத்தையும் பற்றியே அதிகம் சொன்னார்களாம். கேட்கத் தெரிந்த மனோதத்துவம் இது. இதற்கு நான் விரோதி அல்ல.

“நாவல் எழுதுகிறவனுக்கு இந்த உபதேசம் எதற்கு? மனசுக்குள் புகுவதே உன் தொழிலாயிற்றே” என்று ஒரு கேள்வி வரும். வாஸ்தவம். ஆனால் என் பாத்திரத்தை உண்டாக்கியவன் நான். அவன் மனசில் என்ன இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு; அந்த மனசை அவனுடைய வீட்டிலிருந்தும் கடனிலிருந்தும் தொழிலிலிருந்தும் கட்டி எழுப்பவேண்டிய கடமையும் உண்டு. உயிரோடு எதிரே நிற்கிறவனை நான் உண்டாக்கவில்லை.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 1956-இல் வெளிவந்த தகழியின் ‘செம்மீ’னை நீங்கள் சுந்தர ராமசாமியின் தமிழில் படித்திருப்பீர்கள், 1965-இல் வந்த படத்தையாவது பார்த்திருப்பீர்கள். கறுத்தம்மாவின் மனசைப் பற்றி மணிக்கணக்கில் பேசக் கேட்டிருக்கிறேன். அவளுடைய தகப்பன் படகும் வலையும் வாங்கப் பரீக்குட்டியிடம் பெற்ற பணத்தைத் திருப்பித் தராததைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? அந்தக் கடன் இல்லாமல் அந்தத் துயரம் இல்லை. தகழி அதை மறைக்கவில்லை. நாம்தான் தாண்டிப் போய்விடுகிறோம். கடனைப் பற்றிப் பேசினால் கணக்குப் பார்க்கவேண்டும். மனசைப் பற்றிப் பேசினால் பெருமூச்சு விட்டால் போதும்.

ஆகவே என் கட்சி இதுதான். இந்த வினைச்சொல்லைத் தமிழில் யாராவது ஆக்கித் தந்தால் தரட்டும். ஆனால் அதைக் கையாளுவதற்கு ஒரு நிபந்தனை வேண்டும். ஒருவன் முகத்துவாரம் அடைந்துவிட்டது என்று சொன்னால், முதலில் படகு ஏறிப் போய்ப் பார். அடைந்திருந்தால் மண்ணை அள்ள வழி தேடு. அடையாமல் இருந்தால் அவனிடமே திரும்பி வந்து, இல்லையே என்று முகத்துக்கு நேரே சொல். அதற்கும் அவன் ஒரு பதில் வைத்திருப்பான், அதையும் கேள். இவ்வளவும் செய்த பிறகும் அவன் மனசை ஆராயவேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால், அப்போது அவன் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கலாம்.