மார்ச் மாதத்து இலக்கு

சென்ற கிருத்திகையன்று குன்றத்தூர் முருகனைத் தரிசித்துவிட்டுச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். 24 அடி ஆழத்துக்கு நீர் தேங்கும் அந்த ஏரியைக் காணும்போதெல்லாம், அதன் அருகில் நிலம் வைத்திருந்த ஒரு மூதாட்டியின் நினைவு வரும். இத்தனை காலம் எழுதத் துணிவில்லை.

2007ஆம் ஆண்டு. இப்பகுதியில் ஒரு வங்கிக் கிளையின் மேலாளராக இருந்தேன். தொழிற்சாலைகளுக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் கையில் பணத்துடன் வந்த காலம். அந்த அம்மையார் இரண்டு லட்சம் ரூபாயை வைப்புநிதியில் போட வந்தார். மார்ச் மாதம் அது. காப்பீட்டு விற்பனையில் எங்கள் கிளை பின்தங்கியிருப்பதாக மண்டல அலுவலகத்திலிருந்து காலையும் மாலையும் தொலைபேசி. இலக்கை எட்டும் ஊழியருக்குச் சிங்கப்பூர்ப் பயணம் பரிசு.

என் கிளையிலிருந்த இளம் அதிகாரி நல்லவர்; வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குச் செல்பவர். அவர்தாம் அந்த இரண்டு லட்சத்தையும் பங்குச்சந்தையோடு இணைந்த காப்பீட்டுப் பாலிசியாக மாற்றினார். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தவணை அது என்பதை விண்ணப்பத்தில் படித்தேன். அம்மையாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கையொப்பமிட்டேன்.

அடுத்த மார்ச்சில் வட்டி வாங்க வந்தவரிடம், இன்னும் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்று சொல்ல நேர்ந்தது. "நீங்க இருக்கிற தைரியத்துலதானே சார் போட்டேன்" என்றார். முதலாண்டுக் கட்டணமாகவே கணிசமான தொகை கழிந்திருந்தது. மூன்றாண்டு முடியாமல் எடுக்கவும் இயலாது. பின்னர் 2008இன் சந்தை வீழ்ச்சி வேறு. பலமுறை எழுதியும் இறுதியில் பாதியளவே திரும்பிற்று. அந்த அம்மையார் வாயிலில் தென்பட்டாலே இளம் அதிகாரி உணவறைக்குள் போய்விடுவார். சிங்கப்பூர் சென்று வந்தவர்தாம்; ஆயினும் ஓராண்டுக்குள் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குப் பரிசாக வந்த வெள்ளி விளக்கு இன்றும் பீரோவில்தான் இருக்கிறது. பூஜையறையில் வைக்க மனம் வரவில்லை.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று மேலிடம் வற்புறுத்தியது. ஊழியர்கள், வாடிக்கையாளர் அறியாமலே லட்சக்கணக்கான கணக்குகளைத் தொடங்கினர். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் வேலையிழந்தோர் சுமார் 5,300 பேர். தலைவர் ஜான் ஸ்டம்ப், முதலில் பழி ஊழியருடையதே என்ற தொனியில் பேசினார். அடுத்த மாதம் பதவி விலகினார். 2020இல் அவருக்கு 1.75 கோடி டாலர் அபராதமும், வங்கித் தொழிலில் ஈடுபட வாழ்நாள் தடையும் வந்தன. நம் நாட்டிலும், வாகனக் கடன் பெற்றவர்களிடம் வேறு நிறுவனத்துப் பொருட்களை விற்ற விவகாரத்தில் 2021 மே மாதம் எச்.டி.எஃப்.சி. வங்கிக்கு ரிசர்வ் வங்கி 10 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

செம்பரம்பாக்கத்துக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் அவதரித்தவர் உடையவர். திருக்கோஷ்டியூரில் குருவின் கட்டளையை மீறி, மறைபொருளான மந்திரத்தை ஊரறியச் சொன்னார். நரகம் தமக்கு, நன்மை மற்றவர்க்கு என்று துணிந்தார் என்பது வரலாறு. நாங்களோ நேர்மாறாக நடந்தோம். இலக்கின் பெருமை மேலிடத்துக்கு. பாவம் கவுண்டரில் அமர்ந்தவனுக்கு. மண்டல அலுவலகத்தைத் திருப்பிக் கேட்டிருந்தால் என் பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

வாசக அன்பர்களே, வைப்பில் போடச் சென்றால் வைப்பு ரசீதுதானா என்று பார்த்து வாங்குங்கள். பாலிசிப் பத்திரம் வந்துவிட்டால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைத் திருப்பித் தரலாம். முன்பு 15 நாளாக இருந்ததை 2024இல் நீட்டித்தார்கள். அதற்குப் பின் தெரியவந்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். 30 நாளில் பதில் இல்லையேல் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம், கட்டணம் கிடையாது.