ஆற்றுக்கும் வார விடுமுறை!

ஊரே ஏசி போடும் நேரத்தில் மின்சாரம் அதிகம் தேவை. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே உள்ள க்ளென் கேன்யன் அணை, அந்தத் தேவையைப் பார்த்துத்தான் தண்ணீரைத் திறக்கிறது. பகலில் அதிகம், இரவில் குறைவு. அதனால் கீழே கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஆறு தினமும் ஏறி இறங்குகிறது.

இதில் நஷ்டம் பூச்சிகளுக்கு! ஆற்றுப் பூச்சிகள் பலவும் அந்தி நேரத்தில், நீர்மட்டத்தை ஒட்டிய கற்களில் முட்டையிடும். சில மணி நேரத்தில் தண்ணீர் இறங்கினால் முட்டைகள் காய்ந்துவிடும். பூச்சி குறைந்தால் மீனுக்கும் வௌவாலுக்கும் பட்டினிதான்.

மாதத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் கணக்குப் பார்த்தால் இது தெரியாது. அங்குள்ள அளவு நிலையம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீரோட்டத்தைப் பதிவு செய்கிறது. படகுப் பயணிகளும் அந்தியில் விளக்குப் பொறி வைத்துப் பூச்சி பிடித்துத் தந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஆராய்ச்சியாளர்களுக்கு விஷயம் புரிந்தது.

2018-ல் மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு சோதனை செய்தார்கள். மின்தேவை குறைவான சனி, ஞாயிறுகளில் தண்ணீரைக் குறைத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் விட்டார்கள். அந்த இரு நாள்களில் இட்ட முட்டைகள், வார நாள்களிலும் நீருக்குள்ளேயே இருந்தன. அந்த ஆண்டு கேடிஸ் என்ற பூச்சியினம் நன்றாகவே பெருகியது.

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கேட்டால் போதாது. எப்போது, எப்படி ஓடுகிறது என்றும் கேட்க வேண்டும்.