திறப்பைக் கொடுக்கிற நாள்



என் வகுப்புப் பிள்ளை ஒன்று போன வாரம் மூன்று நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. கேட்டால், "வீடு மாறுறோம் சேர். பழைய வீட்டு அட்வான்ஸ் இன்னும் கிடைக்கல்ல, புத்தகமெல்லாம் பெட்டியில" என்றது.

வாப்பாவிடம் பேசினேன். வீட்டை விடப்போவதாக 2 மாதம் முன்பே சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரும் சரி என்றாராம். சாமான் கட்டிய பிறகுதான் சுவரில் ஆணி அடித்தது, பெயின்ட் மங்கியது எல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஐந்து வருடத்தில் பெயின்ட் மங்காத வீடு எந்த ஊரில் இருக்கிறது? விஷயம் பெயின்ட் இல்லை. சல்லி கையில் இல்லை, அவ்வளவுதான்.

திருப்பிக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ் அமானிதம். அதில் மதில் கட்டுகிறோம், கல்யாணம் முடிக்கிறோம். பிறகு அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கித்தான் போகிறவருக்குக் கொடுக்கிறோம். அப்படித்தான் முடியும் என்றால் அதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லலாமே. குடியிருப்பவரும் வீடு பார்க்க வருபவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார்.

குடியிருப்போர் எல்லோரும் பாவம் என்றும் சொல்ல மாட்டேன். கடைசி மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் "அட்வான்ஸில கழிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார். அடுத்த மாதம் கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் வந்தது. அந்த மனிதர் போனையே எடுக்கவில்லை.

அட்வான்ஸ் மாதாமாதம் கழிகிறதா, முழுதாகத் திரும்புகிறதா? எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும்? போகும்போது பெயின்ட் யார் செலவு? இவ்வளவையும் குடிவரும் அன்றே எழுதிவிடலாம். எழுதச் சொன்னால் "என்னில நம்பிக்கை இல்லியா?" என்று கோபப்படுகிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம், பகராவின் 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான்.

போகிற அன்று இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கரண்ட், தண்ணி மீட்டர் இரண்டையும் போட்டோ எடுங்கள். திறப்பும் சல்லியும் ஒரே இருப்பில் கை மாறட்டும். பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது, முகநூலில் ஏச வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை திங்கட்கிழமை வந்துவிட்டது. வாப்பா மச்சானிடம் கடன் வாங்கிப் புதிய வீட்டுக்குப் போயிருக்கிறார். பழைய அட்வான்ஸில் பாதி இன்னும் பாக்கி.