ஆவண உறுதிப்படுத்தலில் அசட்டை வேண்டாம்

திறமை அடிப்படையிலான குடியேற்றத் திட்டங்களின் கீழ் அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து போன்ற நாடுகளுக்குச் செல்வதற்கு எமது இளைஞர், யுவதிகள் விண்ணப்பிப்பது புதியதொரு விடயமல்ல. ஆயினும், 2022 ஆம் ஆண்டில் நாடு எதிர்கொண்ட பொருளாதார நெருக்கடியின் பின்னர், வைத்தியர், பொறியியலாளர், தாதியர், கணக்காளர், கணினித் துறையினர் எனப் பல தரப்பினரும் இத்தகைய விண்ணப்பங்களில் முன்னெப்போதும் இல்லாத நாட்டத்தைக் காட்டி வருகின்றனர். மூளைசாலிகளின் வெளியேற்றம் எமது பிரதேசங்களின் வைத்தியசாலைகளையும் பாடசாலைகளையும் எவ்வாறு பாதிக்கின்றது என்பது தனியாக ஆராயப்பட வேண்டியதொன்றாகும். செல்வதென்று முடிவெடுத்தவர்கள் நேர்வழியில் செல்ல வேண்டும். தகுதி இருந்தும் ஒரு கடதாசியின் குறைபாட்டினால் தோற்றுப்போகக் கூடாது என்பதே இன்று எமது கரிசனையாகும்.

இத்தகைய விண்ணப்பமொன்றைப் பரிசீலிக்கும் அதிகாரி விண்ணப்பதாரியை நேரில் காண்பது அரிது. அவர் காண்பதெல்லாம் ஆவணங்களையே. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், பெறுபேற்று அறிக்கை, தொழில் அனுபவக் கடிதம், பொலிஸ் நற்சான்று ஆகியவையே விண்ணப்பதாரிக்காகப் பேசுகின்றன. அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அல்லது உரிய முறையில் உறுதிப்படுத்தப்படாதிருந்தால் பல வருட உழைப்பும் பெருந்தொகைப் பணமும் வீணாகிவிடும்.

உறுதிப்படுத்தல் என்ற ஒரே சொல்லினால் எம்மவர்கள் நான்கு வெவ்வேறு காரியங்களைக் குறிப்பிடுவதே குழப்பத்தின் முதற் காரணமாகும். முதலாவது, பதிவேட்டைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலகம் வழங்கும் சான்றுபடுத்திய பிரதி. நாம் பிறப்புச் சான்றிதழ் என அழைப்பதே பதிவேட்டிலுள்ள விபரங்களின் சான்றுபடுத்திய பிரதிதான். ஆகவே அது தொலைந்தால் மீளப் பெறக்கூடியது. இரண்டாவது, மூல ஆவணத்தையும் அதன் நிழற்பிரதியையும் ஒப்புநோக்கி, இது உண்மைப் பிரதியென சமாதான நீதவானோ சட்டத்தரணியோ நொத்தாரிசோ ஒப்பமிடுவது. மூன்றாவது, மொழிபெயர்ப்பு சரியானதென்று மொழிபெயர்ப்பாளர் உறுதியளிப்பது. நான்காவது, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு செய்யும் அத்தாட்சிப்படுத்தல். இது ஆவணத்திலுள்ள ஒப்பமும் முத்திரையும் உரிய அதிகாரியினுடையவை என்பதையே கூறுகின்றது. ஆவணத்தில் எழுதப்பட்டுள்ளவை உண்மையென்று அது உத்தரவாதம் தருவதில்லை. இந்த வேறுபாடு தெரியாமையால், கேட்கப்படாத அத்தாட்சிக்காகக் கொழும்புக்குப் பயணித்துச் செலவழிப்போரும் உள்ளனர். கேட்கப்பட்டதைச் செய்யாது நிராகரிப்புக் கடிதம் பெறுவோரும் உள்ளனர்.

இன்னொரு மாற்றத்தையும் கவனத்திற் கொள்ள வேண்டும். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் முற்பகுதியில் விண்ணப்பங்கள் தபாலில் அனுப்பப்பட்டபோது, ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமும் முத்திரையும் இடப்பட்ட பிரதிகளின் கட்டு ஒன்று தயாராக வேண்டியிருந்தது. இன்று அவுஸ்திரேலியாவுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் இணையவழியிலேயே சமர்ப்பிக்கப்படுகின்றன. அவற்றுக்கு மூல ஆவணத்தின் தெளிவான வர்ண மின்வருடலே பொதுவாகப் போதுமானது. கனடாவின் சமஷ்டித் திறமையாளர் திட்டத்தின் கீழ் விண்ணப்பிப்போர் 2013 ஆம் ஆண்டு முதல் தமது வெளிநாட்டுக் கல்வித் தகைமையை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமொன்றின் மூலம் மதிப்பீடு செய்விக்க வேண்டியுள்ளது. அதற்காகப் பல்கலைக்கழகமே பெறுபேற்று அறிக்கையை நேரடியாக அனுப்பி வைக்குமாறு கேட்கப்படுவதுண்டு. அவ்விடத்தில் சமாதான நீதவானின் முத்திரை எத்தனை இருந்தும் பயனில்லை. ஆகவே, அயலவர் ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன்னர் செய்ததைப் பின்பற்றாது, தமது விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் நிறுவனம் இன்று வெளியிட்டுள்ள அறிவுறுத்தலைச் சொல்லுக்குச் சொல் வாசிப்பதே முதற் கடமையாகும்.

இவை எல்லா விண்ணப்பதாரிகளுக்கும் பொதுவானவை. ஆனால் தமிழ் பேசும் மக்களுக்கு இதற்கு மேலும் சில சுமைகள் உள்ளன. 1983 ஜூலையில் வீடு எரிக்கப்பட்டவர்கள், 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஒருசில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், 1995 இல் வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நடந்தவர்கள், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையில் யாவற்றையும் இழந்த கிழக்கின் கரையோர மக்கள், 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து உயிரை மட்டும் காத்துக்கொண்டு வந்தவர்கள் என எமது சமூகங்கள் இரண்டுமே ஆவணங்களை இழந்த சமூகங்களாகும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களிடம் சான்றிதழ்க் கோவை எங்கே என்று கேட்பது எத்தகைய கொடுமை என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

எனினும், உலகம் அதைத்தான் கேட்கின்றது. பதிவுகள் கணினிமயப்படுத்தப்பட்டதன் பயனாக, பதிவு நடைபெற்ற இடத்திற்கே செல்லாது வேறு பிரதேச செயலகங்களிலும் பிரதிகளைப் பெறும் வசதி இப்போது பெருமளவில் ஏற்பட்டுள்ளது. புத்தளத்தில் வாழும் மன்னார் குடும்பமொன்றுக்கோ கொழும்பில் வாழும் முல்லைத்தீவு இளைஞருக்கோ இது பெரும் ஆறுதலாகும். ஆனால், பதிவே இடம்பெறாதவர்களும் பதிவேடு அழிந்து போனவர்களும் இன்னமும் அலைந்து திரிய வேண்டியுள்ளது. பிறப்பைக் காலங்கடந்து பதிவு செய்வதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதற்குச் சத்தியக்கடதாசிகளும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் பாடசாலைப் பதிவுகளும் திரட்டப்பட வேண்டும். இவை ஒரு வாரத்தில் முடியும் காரியங்களல்ல.

திருமணப் பதிவிலும் இதே நிலைமைதான். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படாமை ஒன்றினால் மட்டும் நிக்காஹ் செல்லுபடியற்றதாகிவிடாது. ஆனால் வாழ்க்கைத்துணையையும் விண்ணப்பத்தில் சேர்க்கும்போது, பதிவுச் சான்றிதழ் இல்லாத தம்பதியினர் தமது உறவை நிரூபிப்பதற்கு வேறு ஆதாரங்களைத் தேடி அல்லற்பட நேரிடும். கோவிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட தமிழ்த் தம்பதியினருக்கும் இது பொருந்தும்.

அடுத்தது பெயர்ப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும் ஆங்கில எழுத்துக்கள் அமைந்திருக்கும். முஹம்மது என்ற ஒரே பெயர் ஒரே குடும்பத்தில் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். கந்தையா என்ற பெயருக்கும் அதே கதிதான். தமிழர்களில் தந்தையின் பெயர் முன்னால் வருவதையும், குடும்பப் பெயர் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லாதிருப்பதையும் வெளிநாட்டு அதிகாரி அறிந்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது. சிங்களத்தில் பதியப்பட்ட தமிழ்ப் பெயர்கள் உருமாறிக் கிடப்பதும் உண்டு. இத்தகைய வேறுபாடுகள் அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என விளக்கும் சத்தியக்கடதாசியை முற்கூட்டியே தயாரித்து வைப்பது புத்திசாலித்தனமாகும். மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, பெயரை அதிலுள்ளவாறே எழுதச் சொல்ல வேண்டும். பணத்தை மீதப்படுத்துவதற்காக உறவினரைக் கொண்டு மொழிபெயர்ப்பது ஆபத்தானது. விண்ணப்பதாரியின் குடும்ப உறுப்பினர் செய்த மொழிபெயர்ப்பைக் கனடா ஏற்பதில்லை.

தொழில் அனுபவத்தை நிரூபிப்பதும் எளிதன்று. 2008 செப்டெம்பரில் அரசாங்கத்தின் பணிப்பின் பேரில் வன்னியை விட்டு வெளியேறிய சர்வதேச நிறுவனங்களில் பணியாற்றியவர்கள் பலர். மூடப்பட்ட அலுவலகமொன்றிடம் அனுபவக் கடிதத்தை எவ்வாறு கேட்பது? அத்தகையோர் சம்பளச் சிட்டைகள், ஊழியர் சேமலாப நிதிக் கூற்றுகள், வங்கிக் கூற்றுகள், உடன் பணியாற்றியவர்களின் சத்தியக்கடதாசிகள் ஆகியவற்றைச் சேர்த்து உண்மையை நிலைநாட்ட முயல வேண்டும். இல்லாத கடிதத்தை உருவாக்கித் தருவதாகக் கூறும் முகவரிடம் ஒருபோதும் செல்லக்கூடாது.

இவ்விடத்தில் நாம் மிகுந்த வேதனையுடன் ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. மூலத்தைப் பாராமலே பிரதிகளில் ஒப்பமிடும் பழக்கம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. தெரிந்த பிள்ளை என்பதற்காகவும், வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற தாட்சண்யத்திற்காகவும் இது செய்யப்படுகின்றது. ஆனால் அந்த ஒப்பத்தின் பெறுமதியே, ஒப்பமிட்டவர் மூலத்தைக் கண்ணால் கண்டார் என்பதில்தான் தங்கியுள்ளது. போலி ஆவணம் சமர்ப்பித்தமை கண்டறியப்பட்டால் அவுஸ்திரேலியா மூன்று ஆண்டுகளுக்கும், ஆளடையாளம் குறித்த மோசடியாயின் பத்து ஆண்டுகளுக்கும் விசா வழங்க மறுக்கலாம். கனடாவில் தவறான தகவல் அளித்தவருக்கு ஐந்தாண்டுத் தடை விதிக்கப்படுகின்றது. முகவர் செய்தார், எமக்குத் தெரியாது என்ற சமாதானம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. அதுமட்டுமன்றி, ஒரு பிரதேசத்திலிருந்து வரும் ஆவணங்கள் மீது சந்தேகம் விழுந்தால், நேர்மையான விண்ணப்பதாரிகளும் அதற்கான விலையைச் செலுத்த நேரிடும்.

அரச தரப்பின் கடப்பாட்டையும் நாம் மறந்துவிட முடியாது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தச் சட்டம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அவ்வாறாயின், தமிழில் வழங்கப்படும் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை நியாயமான கட்டணத்தில், தாமதமின்றி, சொந்தப் பிரதேசத்திலேயே பெறுவது சலுகையன்று, உரிமையாகும். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பிராந்திய கொன்சியூலர் அலுவலகங்கள் அமைக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை தீர்க்கப்படாவிடின், அலுவலகம் அருகில் வந்தும் அலைச்சல் குறையப் போவதில்லை. யுத்தத்தினாலும் ஆழிப்பேரலையினாலும் ஆவணங்களை இழந்தோருக்கான நடமாடும் சேவைகளும் தொடர வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோவில் பரிபாலன சபைகளும் தேவாலயங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தமது பழைய பதிவேடுகளைப் பேணிப் பாதுகாத்து, மின்வருடல் செய்து வைப்பது பெரும் புண்ணியமாகும்.

வெளிநாடு செல்லும் எண்ணம் இருப்பினும் இல்லாவிடினும், ஒவ்வொரு குடும்பமும் தனது ஆவணங்களை ஒழுங்குபடுத்தி, பிரதிகளை இருவேறு இடங்களில் வைத்திருக்க வேண்டும். ஒரே நாளில் யாவற்றையும் இழந்த அனுபவம் எமக்குப் பலமுறை வாய்த்துள்ளது. அந்த அனுபவத்திலிருந்து இந்தச் சிறிய பாடத்தையேனும் கற்றுக்கொள்ளாவிடின், நாளை எமது பிள்ளைகள் தாம் யார் என்பதை நிரூபிப்பதற்கே மீண்டும் வரிசையில் நிற்க நேரிடும் என்பதை நாம் வலியுறுத்திக் கூற விரும்புகின்றோம்.